கைக்கடிகாரத்தைத் திருப்பாத பயணம்

அக்கா கல்யாணமாகி நியூயார்க் போனதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். சிங்கப்பூர் தோ பாயோவில் காலை ஏழரை என்றால் அங்கே இரவு ஏழரை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அம்மா போனை எடுப்பார். குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவிடுவார்கள்; அப்போது மட்டும் இங்கே எட்டரை ஆகவேண்டும். இந்த ஜூனில் நானே போய் வந்தபோதுதான் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தின் தூரம் எனக்கு உறைத்தது.

தீர்க்கரேகைக் கணக்கில் சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178, கிட்டத்தட்ட அரைவட்டம். உருண்டையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். வீட்டிலிருக்கும் பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். அது கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை; நேரே வடக்கே ஏறி, துருவத்தை ஒட்டி மறுபக்கம் இறங்கியது. அந்த வழியில் சுமார் 15,350 கிலோமீட்டர்.

ஆனால் எங்கள் விமானம் பசிபிக் வழியாகப் போனது. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளும். தூரம் கூடினாலும் நேரம் மிச்சம்.

2004-ல் நான்கு எஞ்சின் விமானத்தில் பக்கத்து நுவார்க்குக்குத் தொடங்கிய நேரடிச் சேவை, எரிபொருள் செலவு தாங்காமல் 2013-ல் நின்றது. 2018-ல் இரண்டே எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ350 வந்தபிறகு மீண்டும் உயிர்பெற்றது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு 2020-லிருந்து பறக்கிறார்கள். ஒரு லட்சத்து 65 ஆயிரம் லிட்டர் வரை எரிபொருள் பிடிக்கும், இருக்கைகளோ 161தான். சாதாரண வகுப்பே கிடையாது. டிக்கெட்டுக்கு நான் இரண்டு வருடம் சேர்த்தேன். அக்காவைப் பார்க்க அது தகும்.

திங்கள் நண்பகலில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து கிளம்பினோம். ஜப்பானைத் தாண்டும்போது இருட்டியது. சாப்பாடு, கொஞ்சம் தூக்கம், கால் மரத்துப்போய் நடைபாதையில் நாலு நடை. கண் விழித்து ஜன்னலைப் பார்த்தால் இறக்கையின் ஓரத்தில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. ஐந்து மணி நேரம்தான் இருந்திருக்கும் அந்த ராத்திரி. கிழக்கே தாண்டினால் ஒரு நாள் பின்னே போகும் தேதிக் கோட்டைத் தாண்டிவிட்டதால், விடிந்ததும் அதே திங்கட்கிழமைதான்! கீழே அலாஸ்காப் பக்கத்து மலைகளில் பனி வெளுத்துக் கிடந்தது. அப்புறமும் ஏழெட்டு மணி நேரம் பறந்தோம்.

பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் பறந்து தரையைத் தொட்டபோது என் போனில் ‘செவ்வாய் 6:41’ என்று இருந்தது. சிக்னல் கிடைத்ததும் ‘செவ்வாய்’ மட்டும் ‘திங்கள்’ ஆனது. 6:41 அசையவில்லை. கைக்கடிகாரத்தை நான் தொடவே இல்லை.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்பது ஆகிவிட்டது. வெளியே அப்போதுதான் இருட்டியிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டோம். போனில் தெரிந்த சமையலறைச் சுவரில் அந்தப் பழைய கடிகாரமும் ஒன்பது; அவர் கையில் காலைக் காபி. “சாப்டீங்களா ரெண்டு பேரும்?” என்று கேட்டார்.