மஞ்சள் கரிசாலை என்று நட்டது வெடிலியா: எட்டு மாதக் கணக்கு

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெரிந்த அக்கா ஒருவர் ஐந்து தண்டு கொடுத்தார். "மஞ்சள் கரிசலாங்கண்ணிப்பா, கூட்டு வைக்கலாம், கண்ணுக்கு நல்லது" என்றார். தென்னை மூட்டில் நட்டு வைத்தேன். நாகர்கோவில் பக்கம் எங்களுக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. செடிக்கு வேறென்ன வேண்டும்? போன சித்திரையில் டேப் வைத்து அளந்தேன்: 18 அடி நீளம், 11 அடி அகலம். துளசியும் கீழாநெல்லியும் இருந்த இடம் தெரியவில்லை.

ஒரு நாள் அம்மா கூட்டுக்கு இலை கிள்ளி வரச் சொன்னார். கிள்ளிய இலையை உள்ளங்கையில் விரித்தபோதுதான் சந்தேகம் வந்தது. வாத்தின் கால் போல இலை மூன்றாகப் பிரிந்திருந்தது. மேற்புறம் எண்ணெய் தடவியது மாதிரி மினுமினுப்பு. கூட்டை நிறுத்திவிட்டு, மூலிகைப் பண்ணை ஒன்றில் உண்மையான மஞ்சள் கரிசாலைத் தொட்டி ஒன்று வாங்கி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதன் இலை நீளம், குறுகல், தொட்டால் சொரசொரப்பு, மூன்றாகப் பிரியும் மடல் கிடையாது. பூவும் சின்னது. ஒரேயொரு இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெடிலியாவில் நிழலில் வளரும் இலைகளிலும் இளம் இலைகளிலும் மடல் சரியாகத் தெரிவதில்லை. பத்து இலையாவது பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் படர்ந்திருந்தது நர்சரிகளில் தரைமூடிச் செடியாக விற்கும் வெடிலியா. சிங்கப்பூர் டெய்சி என்றும் சொல்வார்கள். பிறந்த இடம் சிங்கப்பூர் இல்லை, வெப்பமண்டல அமெரிக்கா. அறிவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. டிரைலோபேட்டா என்றாலே மூன்று மடல். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் இதுவும் இருக்கிறது. சாலை நடுவிலும் ஓட்டல் வாசலிலும் அழகுக்காக இன்னும் இதை நடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வைகாசியில் முதல் முயற்சி. மண்வெட்டியால் செதுக்கித் தள்ளினேன். ஒரே நாளில் தரை சுத்தம். ஆனால் ஆனிச் சாரல் விழுந்த மூன்றாம் வாரம் முன்பைவிட நெருக்கமாக முளைத்து நின்றது. ஒரு தண்டைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வேர்க்கொத்து. நான் வெட்டிய ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகியிருந்தது.

சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று ஒற்றைக் கணுத் துண்டுகள் 30 எடுத்தேன். ஈர மண்ணில் வைத்த பத்தில் எட்டு தளிர்த்தன. குப்பைக்குழியில் போட்ட பத்தில் ஐந்து பிழைத்தன. மொட்டைமாடிச் சிமெண்ட் தரையில் காயப்போட்ட பத்தும் இரண்டு வாரத்தில் கையில் நொறுங்கின. இந்தச் செடி எங்கள் பக்கம் விதையால் பரவுவதைவிடத் தண்டால்தான் பரவுகிறது. அதனால் ஒரு கணுவைக்கூட மண்ணில் விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அப்புறம் வெட்டுவதையே விட்டுவிட்டேன். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது தண்டின் நுனியைப் பிடித்து, அது போகும் வழியிலேயே போய், களைக்கொத்தால் கணுவுக்கு அடியில் நெம்பி முழுசாக எடுத்தேன். உட்கார்ந்து செய்தால் ஒரு மணி நேரத்தில் பத்துச் சதுர அடிதான் நகரும். பிடுங்கியதை நேராக மாடிக்குக் கொண்டுபோனேன். தோட்ட வேலைக்கு வரும் அண்ணன் வழக்கம்போல ஓடைக்கரையில் கொட்டப் போனார். "அண்ணே, அங்க வேண்டாம், தண்ணி போற இடமெல்லாம் முளைச்சிரும்" என்று சொல்லி நிறுத்தினேன்.

கற்கள் கிடந்த மூலையில் நெம்ப முடியவில்லை. அங்கே வெளிச்சம் புகாத தார்ப்பாயை இரண்டாக மடித்து விரித்தேன். ஓரத்தில் கல் மட்டும் வைத்தபோது இடுக்கு வழியாகத் தண்டு வெளியே வந்துவிட்டது. ஓரத்தை ஒரு அடி கூடுதலாக விட்டு மண் அணைத்தேன். இரண்டரை மாதம் கழித்துத் திறந்தால் அடியில் பழுப்பு நார் மட்டும்.

காலியான இடத்தில் தட்டைப்பயறு தூவினேன். முதல் தடவை முளைப்பு மோசம். வெடிலியாவின் சாறு மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் தோட்டத்திலும் அதுதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மக்கிய சாணம் கொத்திவிட்டு மறுபடி விதைத்தபோது நன்றாக மூடிக்கொண்டது.

இப்போது மார்கழி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று வருகிறேன். கார்த்திகையில் வாரம் பதினைந்து, இருபது துளிர் கிடைத்தது. போன வாரம் நான்கு. அதில் மூன்று மதிலோரம். மதிலுக்கு அந்தப் பக்கமும் மஞ்சள் பூ தெரிகிறது. பக்கத்து வீட்டு மாமாவிடம் பேசியிருக்கிறேன். பொங்கலுக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்குவதாக இருக்கிறோம்.