பியாஃப் பிடிபட்டது, பாசாஜுக்கு மாறும் இடம் இன்னும் பிடிபடவில்லை

ஹனோவருக்கு அருகிலுள்ள லாயத்தில் நான் பயிற்சி செய்யும் வயதான லுசிட்டானோ இனக் குதிரை, இந்த வாரம் நின்ற இடத்திலேயே எதிரெதிர் மூலைக் கால்களை மாற்றி மாற்றித் தூக்கி, தாளம் பிசகாமல் பியாஃப் செய்தது. முதுகில் ஆள் ஏறாமல், சுவரை ஒட்டி நிறுத்திச் செய்விக்கும் கைப்பயிற்சியில்தான் இது அமைந்தது என்றாலும், அண்மையில் எனக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி வாய்க்கவில்லை.

இதில் எல்லாமே சாட்டை நுனி தொடும் இடத்திலும் நேரத்திலும்தான் இருக்கிறது. பிட்டத்தின் மேல் தொட்டால் இந்தக் குதிரை பின்புறத்தைத் தாழ்த்துவதற்குப் பதிலாக எக்கி உயர்த்துகிறது. தொடையின் பின்பக்கம் தொட்டால் முன்னோக்கி விரைகிறது. குளம்புக்குச் சற்று மேலே, அதுவும் அந்தக் கால் தரையை விட்டு எழும் கணத்தில் தொட்டால் மட்டுமே மூட்டுகளை மடக்கி எடையைப் பின்னால் வாங்கிக்கொள்கிறது. கால் ஊன்றிய பிறகு தொடுவதால் பயன் இல்லை, தாளந்தான் உடைகிறது. கண்ணாடியிழைச் சாட்டை அதிகமாகத் துவள்வதால் நுனி தாமதமாகவே வந்து சேரும். மெல்லிய மூங்கில் சாட்டைக்கு மாறிய பின்னரே என் கையும் அதன் காலும் ஒத்துப்போயின. இணையத்தில் நான் வாங்கிய முதல் மூங்கில் ஒரு கணுவில் பிளந்தே வந்தது என்பதால், இனி கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்குவதாக இல்லை.

வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் பியாஃப் லெவாடுக்கு அடித்தளமாக அமைகிறது: பின்னங்கால்களை நன்கு மடக்கி, உடல் தரையோடு ஏறத்தாழ 35 பாகையில் நிற்க, முன்னங்கால்களை மடித்துத் தூக்கும் நிலை அது. கூர்பெட், காப்ரியோல் போன்ற தாவல்களும் அந்த மரபிலேயே வாழ்கின்றன. டிரெஸ்ஸாஜ் எனும் குதிரை நடைப்பயிற்சிப் போட்டியில் இவற்றுக்கு இடமில்லை. அதன் மிக உயர்ந்த நிலையான கிராண்ட் பிரீ தேர்வு, மரபுப் பள்ளிகளின் உயர்நிலை அசைவுகளில் தரையைவிட்டு எழாதவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டு, பியாஃபில் 12 முதல் 15 அடிகள் கேட்கிறது. தூக்கிய முன்குளம்பின் நுனி மற்ற முன்னங்காலின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் நடுப்பகுதி வரை உயர வேண்டும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அலோயிஸ் பொதாய்ஸ்கி, 1939இல் அதே வியன்னா பள்ளிக்குத் தலைமையேற்றார் என்பதால், பள்ளி மரபையும் போட்டியையும் பகைவழிகளாகப் பார்ப்போருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் பின்புறம் தாழாமல் முன்னங்கால்கள் மட்டும் உயரும் பியாஃபுக்கு உயர்ந்த மதிப்பெண் விழும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. லெவாடுக்கு எழ முடியாத பியாஃபை முழுமையானதாக என்னால் ஏற்க இயலவில்லை.

பாசாஜுக்கு, அதாவது ஒவ்வோர் அடியிலும் உயர்ந்தெழுந்து மெதுவாக முன்னேறும் நடைக்கு, மாறும் இடம் இன்னும் முரண்டு பிடிக்கிறது. கிராண்ட் பிரீயில் இந்த மாற்றங்களுக்குத் தனி மதிப்பெண் உண்டு. காரணம் இப்போது நன்றாகவே விளங்குகிறது. பியாஃபில் சேர்ந்த ஆற்றல் முன்னோக்கி மெல்ல விடுபட வேண்டிய அந்த ஓரிரு அடிகளில், இடது பின்னங்கால் பிந்தி, நடை சாதாரண டிராட்டாக (துள்ளுநடையாக) கரைந்துவிடுகிறது. வலப்பக்கம் வளைந்து செல்கையில் இது குறைவாக இருப்பதால், அடுத்து, தோள்களைச் சுவரிலிருந்து உள்நோக்கித் திருப்பிச் செல்லும் ஷோல்டர்-இன் நிலையிலிருந்தே மாற்றத்தைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். அதற்குள் மூக்குப்பட்டையின் உட்புறத் தோலை மாற்றித் தைக்க ஊர்ச் சேணக்காரரிடம் கொடுக்க வேண்டும். நடு வளையத்தருகே அது மூக்கெலும்பை உராயத் தொடங்கியிருக்கிறது.