டோர்ட்டியா கணக்கு: மெக்சிகன் உணவகம் திறக்குமுன் எழுதிய குறிப்புகள்

பிப்ரவரி 3
வாடகை பேசுமுன் புகைக்குழாய் எந்த வழியாகப் போகும் என்று பார்த்தாக வேண்டும். ஆஞ்சோ, குவாஹீயோ மிளகாய்களைக் கல்லில் வாட்டும்போது கிளம்பும் நெடி, சாப்பிட வந்தவரை இருமிக்கொண்டே எழுந்து போக வைக்கும். குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோக உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், வாடகை எவ்வளவு மலிவானாலும் அந்த இடம் வேண்டாம்.

பிப்ரவரி 8
பட்டியலில் இருந்த 34 பண்டம் 11 ஆகியிருக்கிறது. பாதிக்கு மேல் டோர்ட்டியாவில், அதாவது மக்காச்சோள மாவில் தட்டிச் சுடும் மெல்லிய ரொட்டியில், வந்து நிற்பவை, அதனால் கணக்கும் அங்கிருந்துதான். 80 பேர், ஆளுக்கு 3 டாக்கோ (டோர்ட்டியாவில் மடித்துத் தரும் பண்டம்), ஒவ்வொன்றுக்கும் இரட்டை டோர்ட்டியா: 480. உருண்டை 30 கிராம் என்றால் 14.4 கிலோ மாவு. உலர்ந்த மக்காச்சோளம் கிலோவுக்கு ஏறக்குறைய 1.8 கிலோ மாவு தரும்; ஆக 8 கிலோ ஊற வேண்டும்.

கல்லில் ஒரு ஈட்டுக்கு 6, ஈட்டுக்கு 2 நிமிடம், மணிக்கு 180. கை ஓயாமல் ஓடினால் வரும் எண் இது. 150 என்று வைப்பதே நியாயம். கூட்டத்தில் பாதி ஒரே மணி நேரத்தில் வந்து உட்கார்ந்தால் 240 வேண்டும். இரண்டு கல் இல்லாமல் முடியாது.

பிப்ரவரி 15, இரவு
நிக்ஸ்டமல், அதாவது டோர்ட்டியா மாவுக்காகச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைக்கும் மக்காச்சோளம். 8 கிலோ மக்காச்சோளம், 80 கிராம் உணவுத்தரச் சுண்ணாம்பு, 24 லிட்டர் தண்ணீர். 90 டிகிரியில் 35 நிமிடம், பிறகு மூடி வைத்து விடியும்வரை ஊறல். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சுண்ணாம்பு அதை அரித்துவிடும். மணியை விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். கடித்தால் நடுவில் பொட்டளவு வேகாத வெள்ளை இருக்கலாம். முழுக்கக் குழைந்தால் மாவு பசையாகிவிடும்.

பிப்ரவரி 16
உருண்டையைப் பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து அமுக்கும்போது ஓரம் வெடித்தால் மாவில் தண்ணீர் குறைவு. தாளை விட்டு வர அடம்பிடித்தால் அதிகம். கல் 240 டிகிரி. முதல் பக்கம் 20 வினாடி, திருப்பி 50 வினாடி, மறுபடி திருப்பினால் உப்பும். முதல் பக்கத்தை நீளவிட்டால் காய்ந்துபோய் உப்பாது. எடுத்ததும் பரிமாறாமல் துணியில் சுற்றி 10 நிமிடம் தன் ஆவியிலேயே புழுங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பில் கிழியும்.

பிப்ரவரி 22
10 கிலோ பன்றித் தோள் இறைச்சி மெல்ல வெந்து முடிந்தால் 6 கிலோ சொச்சம். அவகாடோவில் தோலும் கொட்டையும் போக மூன்றில் இரண்டு பங்கு. வாங்கிய எடைக்கு விலை போட்டால் நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. தட்டில் விழும் எடையின் செலவை எடுத்து 0.30ஆல் வகுத்தால் விற்பனை விலை. மேசையில் இலவசமாக வைக்கும் சிப்ஸும் சால்சாவும் இதில் சேர வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

மார்ச் 1
கருப்பு பீன்ஸைப் பெரிய பானையோடு குளிர்ப்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி இரவெல்லாம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கொதிக்கு அசையாத பாக்டீரியா வித்துகளுக்கு அது போதும். 5 சென்டிமீட்டருக்கு மேல் உயராமல் தட்டுகளில் பரப்பி, 2 மணி நேரத்தில் 60லிருந்து 21 டிகிரிக்கு, அடுத்த 4 மணி நேரத்தில் 5 டிகிரிக்கு இறக்க வேண்டும். 8 தட்டு வாங்கியாயிற்று. பாக்கி: இரண்டாவது கல்லுக்கு காஸ் இணைப்பு.