படுகளம் பார்த்து வந்தோம்

பாப்பா எட்டாம் மாசத்திலேயே பிறந்துவிட்டாள். வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளைப் பார்த்து, "புள்ள நல்லபடியா வீட்டுக்கு வந்தா நான் தீ மிதிக்கிறேன் தாயே" என்று அம்மா வேண்டிக்கொண்டாள். ஆற்காட்டுப் பக்கம் அவள் பிறந்த ஊர் திரௌபதி அம்மனிடம். தாய் கைவிடவில்லை. இந்த வைகாசியில் கடனைத் தீர்க்கப் போனோம்.

வண்டி நிறுத்த ஊர் எல்லையிலேயே ரசீது இல்லாமல் நூறு ரூபாய் பிடுங்கினார்கள். குண்டத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துத் தருகிறேன் என்று ஒருவன் பின்னாலேயே வந்தான். காப்பு கட்டிய கையை அம்மா அவன் முகத்துக்கு நேரே காட்டியதும் நழுவிவிட்டான்.

கோயிலுக்கு எதிரே திடலில்தான் படுகளம், பாரதப் போரில் துரியோதனன் விழுவதை நடித்துக்காட்டும் இடம். அங்கே மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடந்தான். இரண்டு பஸ் நீளம். ஏரி வண்டலை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டி, மிதித்துப் பிசைந்து, ராத்திரி முழுக்கச் செய்தது. விடியும் நேரத்தில், மண்பாண்டம் செய்கிற தாத்தா ஒருவர் ஈரக்கையால் மீசையை நீவிக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில் ஒரு கயிற்றுத் துண்டு. முகத்தை முதலில் செய்து, அந்த நீளத்துக்கு வெட்டிய கயிறாம். கழுத்திலிருந்து மார்புக்கு ஒரு கயிறு, அங்கிருந்து தொப்புளுக்கு ஒன்று, தொடைக்கு இரண்டு. ஸ்தபதிகள் முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்றும், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஓர் அங்குலம் என்றும் வைத்து உடம்பை அளக்கும் கணக்கும் இதுதான். தாத்தா அந்தப் பேரெல்லாம் சொல்லவில்லை.

"இன்னாம்மா அப்டி பாக்குற?"

"நெஞ்சுல எலும்பு, நரம்பு எதுவும் காட்டலையே தாத்தா?"

"அதெல்லாம் வெச்சா பொணமாட்டம் பூடும்மா. இவன் இன்னும் சாவல. உள்ள மூச்சு நிக்கணும். அப்பத்தான் பீமன் அடிக்கும்போது உசுரு போவும்."

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்கள்தான் உடனே ஞாபகம் வந்தன. பல தலைமுறை சாமி இல்லாமல் கிடந்து, 1981-ல் ஈசன் திரும்பி வந்த கோயில். அங்கே யாளி மேல் உட்கார்ந்திருக்கும் வீரர்களுக்கும் இப்படித்தான் மூச்சு நிறைந்த மார்பு. அது கல், நூற்றாண்டுகளாக நிற்கிறது. இது மத்தியானம் தாண்டாது. அதற்காகத் தாத்தா கால் நகத்தைக்கூட விடவில்லை, பத்து விரலிலும் ஈர்க்குச்சியால் கீறிக்கொண்டு போனார். கண்ணைக் கடைசியில்தான் திறந்தார். கற்பூரம் காட்டியதும் எனக்குக் கை தானாகக் கூப்பியது. துரியோதனனைப் போய் யாராவது கும்பிடுவார்களா? நான் கும்பிட்டேன்.

வெயில் ஏறியதும் பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். கூட்டம் நெட்டித் தள்ளியது. எல்லார் கையும் செல்போனோடு மேலே, எனக்கு முழங்கைகள்தான் தெரிந்தன. பீமனின் கதாயுதம் மண் உடம்பின் தொடையில் விழுந்து, உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து, குங்குமத் தண்ணீர் குபுக்கென்று வந்தது. "கோவிந்தா! கோவிந்தா!" பாஞ்சாலியின் விரிந்த கூந்தலை முடித்துப் பூ வைத்தார்கள். அந்தப் பூவைப் பார்த்ததும் என்னால் நிற்க முடியவில்லை. பெட்டிக்குள் ஒயர்களோடு கிடந்த பாப்பாவைத் தொடக்கூட முடியாமல் வெளியே நின்ற ராத்திரிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அழுகையாக வந்தன. தாயே, உன் சபதம் முடிய எத்தனை வருஷம் காத்திருந்தாய்! என் குறையை எத்தனை சீக்கிரம் தீர்த்துவிட்டாய்!

பெண்கள் பாய்ந்து மண்ணை அள்ளினார்கள். நெல் குதிருக்கு, தொட்டில் பிள்ளைக்கு என்று ஆளுக்கொரு பிடி. தாத்தாவே அந்த மார்பிலிருந்து ஒரு கட்டி பெயர்த்து என் முந்தானையில் போட்டார். "கொயந்த தலமாட்டுல வெய்யி."

சாயங்காலம் அம்மா மஞ்சள் புடவையில் குண்டம் இறங்கினாள். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் அக்கரையில் பால் குழியில் நின்றாள். காலில் ஒரு கொப்புளம் இல்லை. ஓடிப்போய்ப் பிடித்தால், மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறாள்: "மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை கெடச்சா அடுத்த வருஷம் அவரு எறங்குவாருன்னு வேண்டிக்கினேன். நீயே சொல்லிடு அவர்கிட்ட."