சிபியூ ஃப்ரீக்வென்சி டிரைவர் எழுதப் போகிறீர்களா? அளக்கும் புரோகிராமை முதலில் எழுதுங்கள்

கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு லினக்ஸ் கர்னலில் ஒரு சிபியூஃப்ரெக் டிரைவர், அதாவது சிபியூவின் வேகத்தை மாற்றும் டிரைவர், எழுதினேன். நாலு கோர் உள்ள ஆர்ம் போர்டு, நாலுக்கும் சேர்த்து ஒரே பிஎல்எல் (கிளாக்கை உருவாக்கும் சர்க்யூட்), ஒரே ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கொடுப்பது), அந்த ரெகுலேட்டரும் ஐ2சி என்ற மெதுவான சீரியல் பஸ்ஸில் இருக்கும் ஒரு பவர் சிப்புக்குள். டிரைவர் மொத்தமே முந்நூறு வரிதான், ஆனால் அதற்கு நாலு மாதம் ஆனது, அதில் பாதிக்கு மேல் தவறான இடத்தில் தேடியே போனது. இதே மாதிரி புராஜெக்ட் எடுக்கிறவர்கள் அந்த நாட்களை இழக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள், வைவாவில் எல்லாம் இங்கிருந்துதான் ஆரம்பிக்கும். சிப் ஸ்விட்ச் ஆகும்போது செலவாகும் பவர், கெப்பாசிட்டன்ஸ் பெருக்கல் வோல்டேஜின் வர்க்கம் பெருக்கல் ஃப்ரீக்வென்சி. இதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். அடுத்த கேள்வியில்தான் தடுமாறுவார்கள்: வோல்டேஜைத் தொடாமல் ஃப்ரீக்வென்சியை மட்டும் பாதியாக்கினால் எவ்வளவு எனர்ஜி மிச்சம்? பவர் பாதி ஆகும், ஆனால் அதே வேலை முடிய இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஆக எனர்ஜியில் மிச்சம் ஒன்றும் இல்லை. ஸ்விட்ச் ஆகாதபோதும் கசியும் லீக்கேஜ் கரண்ட் அந்த நேரம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பதால் உண்மையில் நஷ்டம்தான். மிச்சம் வருவது வோல்டேஜிலிருந்து. என் போர்டில் ஆக உயர்ந்த படி 1200 மெகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட், ஆகக் குறைந்த படி 408 மெகாஹெர்ட்ஸ், 0.95 வோல்ட். 0.95ஐ 1.25ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் சுமார் 0.58, அதாவது அதே வேலைக்கு ஸ்விட்சிங் எனர்ஜி 58 சதவீதமாகக் குறைகிறது. ஃப்ரீக்வென்சியைக் குறைப்பது எதற்கென்றால், குறைந்த வோல்டேஜில் டிரான்சிஸ்டர்கள் மெதுவாக ஸ்விட்ச் ஆகும், பழைய வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியாது என்பதால்தான்.

இதிலிருந்தே வரிசையும் வந்துவிடும். வேகத்தை ஏற்றும்போது வோல்டேஜ் முதலில், கிளாக் பிறகு. இறக்கும்போது கிளாக் முதலில், வோல்டேஜ் பிறகு. எந்த நொடியிலும் இருக்கிற வேகத்துக்குத் தேவையானதைவிட வோல்டேஜ் குறையக் கூடாது, அவ்வளவுதான். எரர் கையாள்வதையும் இதே விதியிலிருந்து எழுதிவிடலாம். வோல்டேஜை ஏற்ற முடியவில்லையா, கிளாக்கைத் தொடாமல் எரரோடு திரும்புங்கள். வோல்டேஜ் ஏறி கிளாக் மாறவில்லையா, வோல்டேஜைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இறங்கும்போது வோல்டேஜ் குறையவில்லை என்றால் கொஞ்சம் பவர் வீணாகும், ஆபத்தில்லை.

என்ன படிப்பது என்று பலரும் கேட்கிறார்கள். கர்னலில் சிபியூஃப்ரெக் கோர் ஃபைலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அதில் பாதி வரி பாலிசி, லாக், ஹாட்பிளக் என்றே போகும். அதே டைரக்டரியில் டிவைஸ் ட்ரீயை (போர்டில் என்ன ஹார்ட்வேர் இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் விவரப் பட்டியல்) வைத்து ஓடும் பொதுவான டிரைவர் ஒன்று இருக்கிறது, சிபியூஃப்ரெக்-டிடி என்று. சின்னது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். உண்மையைச் சொன்னால், உங்கள் போர்டுக்கு கிளாக் டிரைவரும் ரெகுலேட்டர் டிரைவரும் இருந்து, எந்த வேகத்துக்கு எந்த வோல்டேஜ் என்று சொல்லும் ஒபிபி டேபிளையும் எழுதிவிட்டால், அந்தப் பொது டிரைவரே போதும். புதிதாக எழுதவே வேண்டியதில்லை. நான் கற்றுக்கொள்வதற்காக எழுதினேன், கைடும் அதற்குச் சம்மதித்தார். இதை முதல் ரிவ்யூவிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள், கடைசியில் அவர்கள் கேட்டு நீங்கள் ஒப்புக்கொள்வதாக இருக்கக் கூடாது.

இன்டெல் லேப்டாப்பை வைத்துச் செய்யலாமா என்றும் யோசித்தேன். அங்கே 0x199 என்ற எம்எஸ்ஆரில் (சிபியூவுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்) வேண்டிய மல்டிப்ளையரை எழுதினால் போதும். 8 முதல் 15 வரையுள்ள பிட்களில் அது இருக்கும், சாண்டி பிரிட்ஜிலிருந்து அதை 100 மெகாஹெர்ட்ஸால் பெருக்கிக்கொள்ள வேண்டும். தற்போதைய நிலவரத்தை 0x198இல் படிக்கலாம். வோல்டேஜை எப்போது ஏற்றுவது என்பதையெல்லாம் சிப்பே பார்த்துக்கொள்ளும். 2015இல் வந்த ஸ்கைலேக்கிலிருந்து எச்டபிள்யூபி வந்துவிட்டதால் வேகத்தைத் தேர்ந்தெடுப்பதையே ஹார்ட்வேர் எடுத்துக்கொண்டது, நாம் எல்லையைச் சொன்னால் போதும். பயன்படுத்த இது நல்லதுதான். ஆனால் கற்றுக்கொள்ள, கிளாக்கும் வோல்டேஜும் இரண்டும் உங்கள் கையில் இருக்கிற ஆர்ம் போர்டுதான் சரி.

இனி என் முதல் பெரிய தவறு. யூனிட். சிபியூஃப்ரெக் பேசுவது கிலோஹெர்ட்ஸில். கிளாக் ஃப்ரேம்வொர்க் பேசுவது ஹெர்ட்ஸில். ஒபிபி டேபிளில் ஹெர்ட்ஸும் மைக்ரோவோல்ட்டும். டிரான்சிஷன் லேட்டன்சி, அதாவது வேகம் மாற ஆகும் நேரம், நானோசெகண்டில். நான் சிபியூஃப்ரெக் டேபிளில் கிலோஹெர்ட்ஸில் இருந்த 1200000 என்ற எண்ணை ஆயிரத்தால் பெருக்காமல் அப்படியே கிளாக்குக்குக் கொடுத்துவிட்டேன். கிளாக்குக்கு அது 1.2 மெகாஹெர்ட்ஸ். கிளாக் டிரைவர் தன்னால் முடிந்த ஆகக் குறைந்த வேகத்துக்கு ரவுண்ட் செய்துகொண்டு, வெற்றி என்று பூஜ்யத்தைத் திருப்பியது. எரர் இல்லை, வார்னிங் இல்லை. தற்போதைய வேகத்தைக் காட்டும் ஸ்கேலிங் கர் ஃப்ரெக் ஃபைலைப் படித்தால் அழகாக 1200000 என்று வருகிறது. டிரைவர் வேலை செய்கிறது என்று ரிப்போர்ட்டில் ஒரு பக்கம்கூட எழுதிவிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு கிராஃப் வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு படியிலும் ஒரு லூப்பை ஓட்டி நேரம் எடுத்தேன். ஐந்து படியிலும் ஒரே நேரம். அப்போதுதான் விளங்கியது. அந்த ஃபைல் பெரும்பாலான டிரைவர்களில் கடைசியாகக் கேட்ட வேகத்தைத்தான் சொல்லும், கிடைத்த வேகத்தை அல்ல. சிபியூஇன்ஃபோ கர் ஃப்ரெக் என்ற இன்னொரு ஃபைல் டிரைவரின் கெட் ஃபங்ஷனைக் கூப்பிடும், ரூட்டாக இருந்தால்தான் படிக்க முடியும். ஆனால் அந்த கெட்டும் கிளாக் ஃப்ரேம்வொர்க்கைக் கேட்டுச் சொல்வதாக இருந்தால், அது கணக்குப் போட்டு வைத்திருக்கும் எண்ணைத்தான் தரும், அளந்து சொல்வதில்லை.

அதனால்தான் தலைப்பில் அப்படி எழுதினேன். டிரைவரில் ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், சிபியூ உண்மையில் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று வெளியிலிருந்து அளக்கும் புரோகிராம் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்மில் ஜெனரிக் டைமர் சிபியூ வேகத்தோடு மாறாமல் ஒரே சீராக ஓடும். பிஎம்யூவில் (சிபியூவுக்குள் நடப்பதை எண்ணும் பகுதி) உள்ள சைக்கிள் கவுண்டர் சிபியூவோடு சேர்ந்து மாறும். டைமரில் 100 மில்லிசெகண்ட் போவதற்குள் சைக்கிள் கவுண்டர் எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் உண்மையான வேகம் கையில் வந்துவிடும். எக்ஸ்86இல் இதே வேலைக்கு ஏபெர்ஃப், எம்பெர்ஃப் என்று இரண்டு கவுண்டர்கள் இருக்கின்றன. இதெல்லாம் வேண்டாம் என்றால், முந்தைய விடையை நம்பியே அடுத்தது நடக்கும்படி கூட்டல் லூப் ஒன்று போதும், 816 மெகாஹெர்ட்ஸிலிருந்து 408க்கு வந்தால் நேரம் சரியாக இரட்டிப்பாக வேண்டும். பெரிய அரேயை நகலெடுக்கிற மாதிரி டெஸ்ட் வேண்டாம். மெமரியின் வேகம் மாறாததால் பாதி வேகத்திலும் நேரம் இரட்டிப்பாகாது, டிரைவர் தப்பு என்று தவறாக நினைத்துவிடுவீர்கள்.

அடுத்தது இதைவிட மோசமானது, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூனிட் சரியான பிறகு போர்டு ஓடியது, ஆனால் எப்போதாவது செத்தது. ஊப்ஸ் (கர்னலுக்குள் தப்பு நடந்தால் வரும் எரர் செய்தி) ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஃபங்ஷனில் வந்தது. ஒரே ஃபைலுக்கு ஹேஷைத் திரும்பத் திரும்பக் கணக்கிடும் ஸ்கிரிப்ட்டை ஓட்டினால், சில ஆயிரம் தடவைக்கு ஒன்று தப்பான விடை. ரேம் பழுது என்று நினைத்து மெமரி டெஸ்டிலேயே ஒரு வாரம் போனது, ரேமில் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் கவர்னரை, அதாவது எப்போது எந்த வேகம் என்று முடிவெடுக்கும் பகுதியை, மாற்றி மாற்றிப் பார்க்கத் தோன்றியது. யூசர்ஸ்பேஸ் கவர்னரில் 1200இலேயே நிறுத்தி இரவு முழுக்க ஓட்டினேன், ஒரு தப்பும் இல்லை. கன்சர்வேட்டிவில் ஓட்டினேன், தப்பில்லை. ஆன்டிமாண்டில் மட்டும் தப்பு. கன்சர்வேட்டிவ் படிப்படியாக ஏறும், ஆன்டிமாண்ட் லோடு எல்லையைத் தாண்டினால் நேராக உச்சிக்குத் தாவும். ஆக 1200க்கு 1.25 வோல்ட் போதுமானதுதான், பிரச்சினை போய்ச் சேரும் வழியில் இருக்கிறது.

லேபில் ஆஸிலோஸ்கோப் கேட்டு வாங்கி, ஒரு புரோபை சிபியூவுக்குப் பக்கத்தில் இருக்கிற கெப்பாசிட்டரிலும் இன்னொன்றை ஒரு ஜிபிஐஓ பின்னிலும் (புரோகிராமிலிருந்து ஏற்றி இறக்கக் கூடிய பின்) வைத்தேன். கிளாக்கை மாற்றும் வரிக்கு முன்னால் பின்னை மேலே ஏற்றி, அந்த வரி முடிந்ததும் கீழே இறக்கும்படி டிரைவரில் இரண்டு வரி சேர்த்தேன். திரையில் தெரிந்தது இது: பின் மேலே போகும்போது வோல்டேஜ் 0.95இலிருந்து அப்போதுதான் ஏறத் தொடங்குகிறது. சுமார் 25 மைக்ரோசெகண்டில் பின் கீழே இறங்குகிறது, அதாவது சிபியூ 1200க்குப் போய்விட்டது, வோல்டேஜோ 1.1இல்தான் இருக்கிறது. அது 1.25ஐத் தொட இன்னும் 25 மைக்ரோசெகண்ட். அந்தச் சின்ன இடைவெளியில்தான் ஹேஷ் கெட்டுப்போனது.

காரணம் ராம்ப் டிலே. என் பவர் சிப் வோல்டேஜை ஒரு மைக்ரோசெகண்டுக்கு 6 மில்லிவோல்ட் வீதம்தான் ஏற்றும், 300 மில்லிவோல்ட்டுக்கு 50 மைக்ரோசெகண்ட் ஆகும். ஐ2சியில் ரெஜிஸ்டரை எழுதி முடித்ததும் ரெகுலேட்டர் ஃபங்ஷன் திரும்பிவிடும், எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று டிவைஸ் ட்ரீயிலோ ரெகுலேட்டர் டிரைவரிலோ சொன்னால்தான் கர்னல் காத்திருக்கும். எனக்கு இரண்டிலும் இல்லை. டிவைஸ் ட்ரீயில் ராம்ப் டிலே 6000 (மைக்ரோசெகண்டுக்கு இத்தனை மைக்ரோவோல்ட்) என்று ஒரு வரி சேர்த்தேன், தீர்ந்தது. கோட் வரிசைப்படி வோல்டேஜ் முதலில் என்றுதான் இருந்தது, மின்சாரம் அந்த வரிசையில் நடக்கவில்லை. வோல்டேஜ் குறைந்தால் சிபியூ அப்படியே நின்றுவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நிற்காது, தப்பான விடையைச் சாதாரணமாகக் கொடுத்துவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். 2019இல் வெளியான பிளண்டர்வோல்ட் தாக்குதல் இதைத்தான் பயன்படுத்தியது: வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைத்து, இன்டெலின் பாதுகாக்கப்பட்ட பகுதியான எஸ்ஜிஎக்ஸுக்குள் நடக்கும் கணக்கையே கெடுத்தார்கள்.

பிஎல்எல் பற்றி ஒன்று. அது புது வேகத்துக்கு லாக் ஆகி நிலைக்கும்வரை அதன் அவுட்புட்டை நம்ப முடியாது, அதனால் சிபியூவை அந்த நேரத்துக்கு வேறொரு நிலையான கிளாக்குக்கு மாற்றிவைக்க வேண்டும். என் போர்டில் அந்த இடைக்கால கிளாக் 816. இங்கே பலரும் விடுவது என்னவென்றால், 408இலிருந்து 600க்குப் போகும்போதுகூட நடுவில் 816ஐத் தொடுகிறோம், வோல்டேஜ் 816க்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

நாலு கோருக்கும் ஒரே கிளாக் என்றால் பாலிசியில் (சேர்ந்து வேகம் மாறும் கோர்களின் குழு) நாலையும் சேர்த்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கோருக்கும் தனிக் கவர்னர் ஓடி, கடைசியாகக் கேட்டது ஜெயிக்கும். சஸ்பெண்டுக்குப் போவதற்கு முன் ஒரு பத்திரமான வேகத்தில் நிறுத்திவிடுங்கள், ஐ2சி தூங்கிய பிறகு வோல்டேஜை மாற்ற வழியில்லை.

வைவாவில் என்னை ஆழமாகக் கேட்டது ஃபாஸ்ட் ஸ்விட்ச் பற்றி. ஸ்கெட்யூட்டில் என்ற கவர்னர் ஸ்கெட்யூலருக்குள்ளிருந்தே வேகத்தை மாற்றக் கூடியது, அதுதான் ஃபாஸ்ட் ஸ்விட்ச், நீங்கள் ஏன் அதை அமைக்கவில்லை என்றார்கள். ஸ்கெட்யூலர் ரன்கியூ (ஓடக் காத்திருக்கும் வேலைகளின் வரிசை) லாக்கைப் பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாது, ஐ2சி டிரான்ஸ்ஃபர் தூங்கும். 400 கிலோஹெர்ட்ஸ் பஸ்ஸில் மூன்று பைட் அனுப்பவே 70 மைக்ரோசெகண்ட் அளவுக்கு ஆகிறது. அதனால் ஸ்கெட்யூட்டில் தனி கர்னல் த்ரெட் ஒன்றை எழுப்பி அதன் வழியாக மாற்றுகிறது. சொல்லிவிட்டு ஸ்கோப் படத்தைக் காட்டினேன், ராம்ப் டிலே சேர்ப்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. மீதி நேரம் முழுக்க அந்த இரண்டு படத்தைப் பற்றித்தான் பேசினார்கள். படத்தை எடுத்தபோது ஸ்கேலை ஒரே மாதிரி வைக்காமல் விட்டுவிட்டேன், ஒப்பிட்டுக் காட்டக் கஷ்டமாக இருந்தது. நீங்கள் எடுக்கும்போது இரண்டுக்கும் ஒரே டைம் ஸ்கேல், ஒரே வோல்டேஜ் ஸ்கேல் வைத்து எடுங்கள்.