அந்தச் சொல்லை எழுதப் பழகுறன்

பெப்ரவரி 9, 2025, ஞாயிறு, விடியப்புறம் 2.40

கிணத்துக்கட்டிலை இருந்து போனிலை எழுதுறன். நுளம்பு பிடுங்கி எடுக்குது. உள்ளை போக ஏலாமல் இருக்கு. என்னோடை ஒரே அறையிலை இருக்கிற ஹற்றன் பிள்ளைக்கு அது வந்திட்டுது.

சாப்பிட்டது திரும்பி வாயாலை வாறதை "அது" எண்டுதான் எழுதுவன். அந்தச் சொல்லை எழுதப்போனாலே தொண்டைக்குள்ளை ஏதோ ஏறும்.

முதல் சத்தம் கேட்ட உடனையே நான் எழும்பி ஓடிட்டன். செருப்புக்கூடப் போடேல்லை. மற்ற அறைத்தோழி மன்னார் பிள்ளைதான் அவளின்ர முதுகைத் தடவிக்கொண்டு நிக்கிறாள். "கொஞ்சம் தண்ணி கொண்டா" எண்டு என்னைத்தான் கூப்பிட்டவள். எனக்கு நல்லாக் கேட்டது. நான் திரும்பிப் பாக்கேல்லை. இயர்போனைக் காதுக்குள்ளை அடைச்சுக்கொண்டு இருக்கிறன், பாட்டு ஒண்டும் போடாமல்.

ராத்திரி அவள் கடையிலை கொத்துரொட்டி சாப்பிட்டவள். நான் அதைத் தொடேல்லை. ஆனால் ஒரே செம்பிலை தண்ணி குடிச்சனாங்கள், எட்டு மணிபோலை. கிருமி எண்டால் 12 மணித்தியாலத்திலை இருந்து 48 மணித்தியாலத்துக்குள்ளை எனக்கும் வரலாம். இப்பவே எண்ணத் தொடங்கிட்டன்.

பெப்ரவரி 10, திங்கள்

நேற்று முழுக்க ரெண்டு மறி பிஸ்கட்டும் பிளேன்ரீயும்தான். ரொய்லெட் கதவுப்பிடி, லைட் சுவிச், வாளிக் கைப்பிடி எல்லாத்தையும் டெற்றோல் போட்டுத் துடைச்சன். கையை எத்தினை தரம் கழுவினன் எண்டு தெரியாது. கைக்குப் பூசுற சனிரைசர், வயித்தைக் குழப்புற நோரோ வைரசுக்குப் பெரிசா வேலை செய்யாது, சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியிலைதான் கழுவோணும். அதாலை பையுக்குள்ளை எப்பவும் சவுக்காரக் கட்டி கொண்டு திரியிறன். விரல் இடுக்கெல்லாம் வெடிச்சுப்போச்சு.

பின்னேரம் ஹற்றன் பிள்ளை எழும்பி வந்து என்ர கட்டிலடியிலை நிண்டாள். முகம் வாடிப்போய் இருந்தது.

"என்னைய பார்த்தா ஒனக்கு அருவருப்பா இருக்கா? நேத்து முழுக்க என் பக்கமே வரல."

நான் "இல்லை, இல்லை" எண்டு மட்டும் சொன்னன். அவள் போய்ப் படுத்திட்டாள். முதலாம் வருசத்திலை எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரவு முழுக்க நெத்தியிலை ஈரத்துணி வைச்சவள் இவள்தான்.

பெப்ரவரி 13, வியாழன்

இண்டைக்குச் சொல்லிட்டன். மூண்டு பேருக்கும். அறைக்கதவைச் சாத்திப்போட்டு, நிலத்திலை இருந்து.

நான் ஏன் கலியாண வீட்டிலை சாப்பிடுறேல்லை. ஏன் முள்ளியவளையிலை இருந்து வரேக்கை சீற் இல்லாட்டி பஸ்ஸை விட்டிட்டு அடுத்ததுக்கு நிக்கிறன், அதுவும் முன் யன்னல் சீற்றுக்கு. ஏன் பரந்தன் தாண்டும்வரைக்கும் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. ஏன் பையுக்குள்ளை மூண்டு சொப்பின் பையும், வயித்துப்பிரட்டலுக்குப் போடுற டொம்பெரிடோன் குளிசை ஒரு அட்டையும். பால்மாவிலை திகதி பாக்கிறது, முட்டையை மணந்து பாக்கிறது, கோழி சாப்பிடாதது. அம்மா கலியாணக் கதை எடுக்கேக்கை எனக்கு மாப்பிள்ளையை நினைச்சுப் பயமில்லை, மசக்கையை நினைச்சுத்தான் பயம் எண்டதையும் சொன்னன். அதை இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

அது வந்திடுமோ எண்ட இந்தப் பயத்துக்கு எமெட்டோஃபோபியா எண்டு பேர் இருக்கு எண்டும் சொன்னன். வாயிலை சரியா வரேல்லை.

மன்னார் பிள்ளை, "எல்லாருக்கும் வாறதுதானே, அதுக்கேன் பயம்?" எண்டு கேட்டாள். குத்திக் கேக்கேல்லை, விளங்காமல் கேட்டாள். அறையிலை எங்களுக்கு மூத்த அக்கா ஒண்டும் பேசாமல் இருந்தா. ஹற்றன் பிள்ளைதான் கிட்ட வந்தாள். "எங்க ஊர் ரோடு முழுக்க வளைவுதான். சின்னப்புள்ளையில நானு பஸ்ஸில வாந்தி எடுக்காத நாளே இல்ல. எடுத்தா சரியாப்போயிடும். ஒனக்கு எடுக்கிறதுக்கு முன்னாடியே எல்லா கஷ்டமும் வருதுல்ல?"

ஓம். அதுதான். எனக்கு அது கடைசியா வந்தது பத்து வயசிலை. அதுக்குப் பிறகு இத்தினை வருசமா ஒவ்வொரு நாளும் வரப்போகுது எண்ட பயத்திலைதான் இருக்கிறன்.

மூத்த அக்காதான் கடைசியா, "ஆஸ்பத்திரிக்குப் போவம். நான் வாறன்" எண்டா.

பெப்ரவரி 19, புதன்

யாழ் போதனா வைத்தியசாலை. ஓபிடியிலை காட்டி, பிறகு மனநல கிளினிக். ஆஸ்பத்திரி எண்டாலே ஆரோ ஒருத்தர் எடுப்பினம் எண்டு பயந்து வாங்கிலிலை கதவுப் பக்கமா இருந்தன். அக்கா என்ர கையைப் பிடிச்சபடி.

டொக்டர் எப்ப தொடங்கினது எண்டு கேட்டா. அஞ்சாம் வகுப்புச் சுற்றுலா, வான், பக்கத்திலை இருந்த பிள்ளை என்ர பாவாடையிலை எடுத்தது, ரெண்டு மணித்தியாலம் அப்படியே இருந்தது, கடைசியிலை எனக்கும் வந்தது. இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் இருக்கவேணும் எண்டு நான் நினைச்சிருந்தன். பெரிய காரணம் தேவையில்லை எண்டா.

பிறகு ஒரு கடதாசியிலை கீறிக் காட்டினா. மூளையின்ர அடியிலை, முகுளத்திலை ஒரு இடம் இருக்காம். ரத்தத்திலை நஞ்சு இருக்கோ எண்டு பாக்கிறது. வேகஸ் நரம்பு வயித்திலை இருந்து சேதி கொண்டுபோகும். உடம்பு தன்னைக் காப்பாத்தச் செய்யிற வேலை அது. பயம் வரேக்கை உடம்பு சமிபாட்டைக் குறைச்சுப்போடும், அதாலை வயித்தைப் பிரட்டும். பிரட்டினால் நான் இன்னும் பயப்பிடுவன். பயந்தால் இன்னும் பிரட்டும். அந்த வட்டத்துக்குள்ளைதான் நான் நிக்கிறன்.

வட்டத்தை வெட்டுறது எப்படி எண்டு கேட்டன். சொப்பின் பை, குளிசை அட்டை, திகதி பாக்கிறது, "எனக்கு ஒண்டும் வராதுதானே?" எண்டு திருப்பித்திருப்பிக் கேக்கிறது எல்லாம் அந்த நேரம் ஆறுதல் தரும், ஆனால் பயத்துக்குச் சோறு போடுறதும் அதுகள்தான் எண்டா. படிப்படியா ஒவ்வொண்டா விடவேணும். பயப்பிடுறதுக்குக் கிட்டவும் படிப்படியாத்தான் போகவேணும். பயம் தானா இறங்கும்வரை அந்த இடத்தை விட்டு ஓடக்கூடாது.

முதல் படி: சொல்லை எழுதுறது.

பெப்ரவரி 23, ஞாயிறு

சத்தி. சத்தி. சத்தி. சத்தி. சத்தி.

கொப்பியிலை ரெண்டு பக்கம் எழுதினன். முதல் பக்கத்திலை கையெழுத்து கோணல்மாணல். பக்கத்திலை இருந்து ஹற்றன் பிள்ளை "வாந்தி" எண்டு எழுதினாள். மன்னார் பிள்ளை "ஓங்காளம்" எண்டு எழுதிப்போட்டு என்னைப் பாத்தாள். அந்தச் சொல்லுத்தான் மோசம், சொல்லுக்குள்ளையே சத்தம் இருக்கு. ஆனால் எழும்பிப் போகேல்லை.

மார்ச் 6, வியாழன்

இப்ப சத்தம் கேக்கிற படி. போனிலை இருபது செக்கன். நெஞ்சு படபடக்க நாலு தரம் கேட்டன். அஞ்சாம் தரம் கொஞ்சம் குறைஞ்சது. அறைக்கு நடுவிலை நிண்டு ஒரு நிமிசம் சுத்தவும் சொல்லியிருக்கினம், தலைசுத்தும் பிரட்டலும் வந்தால் அது தானாப் போகும் எண்டு உடம்புக்குத் தெரியோணுமாம். குளிசை அட்டை இப்ப அலுமாரியிலை. பையிலை இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

விரிவுரைக்குப் போகேல்லை. முன்வரிசைப் பிள்ளை ஒண்டு வயித்தோட்டம் எண்டு சொன்னதைக் கேட்டிட்டு வாசலோடை திரும்பி வந்திட்டன். மூத்த அக்காட்டை மூண்டு தரம், "எனக்கு ஒண்டும் வராதுதானே?" எண்டு கேட்டன். மூண்டாந்தரம் அவ, "தெரியாது பிள்ளை, வரலாம். வந்தால் நாங்கள் இருக்கிறம்" எண்டா. கோபம் வந்தது. அழுதன். பிறகு யோசிச்சுப் பாத்தால், எனக்கு ஆரும் இப்படிச் சொன்னதே இல்லை. எல்லாரும் "வராது" எண்டுதான் சொல்லியிருக்கினம்.

மார்ச் 24, திங்கள்

பங்குனித் திங்கள். மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்கு நாலு பேரும் போனனாங்கள். பஸ்ஸிலை சனம் நெரிஞ்சுது, நான் நடுவிலை நிண்டன், யன்னல் இல்லை, சொப்பின் பையும் இல்லை.

கோயில் வீதி முழுக்க அடுப்பு. புகை கண்ணைக் கரிக்குது. மூத்த அக்கா பொங்கினா, மன்னார் பிள்ளை கத்தரிக்காய் வெட்டினாள். மட்டுவில் கத்தரிக்காய்க்கு வேற ஊர்க் காய் கிட்ட வராது எண்டு அக்கா முதலே சொன்னவ, தேங்காய்ப்பால் விட்டு வத்தவிட்ட அந்தக் கறியை இப்ப எழுதேக்கையும் நாக்கு தேடுது. ஆர் கழுவின பானை, எந்தக் கிணத்துத் தண்ணி எண்டு கேக்க வாய் உன்னினது. கேக்கேல்லை. வாழையிலையிலை போட்டதை முழுக்கச் சாப்பிட்டன். கை நடுங்கினது அவையளுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒருத்தரும் என்னைப் பாத்துக்கொண்டு இருக்கேல்லை, அது எவ்வளவு பெரிய உதவி.

ஏப்ரல் 2, புதன், காலமை 5.50

மன்னார் பிள்ளைக்கு ஒரு மணியிலை இருந்து. சத்தியும் வயித்தோட்டமும்.

சத்தம் கேட்டு முழிச்சன். கால் வாசல் பக்கம் போட்டுது. கதவுப்பிடியிலை கையும் வைச்சிட்டன். அங்கை நிண்டன். நெஞ்சு அடிச்ச அடியிலை காது கேக்கேல்லை. எவ்வளவு நேரம் எண்டு தெரியாது, பிறகு திரும்பி வந்து ரொய்லெட் வாசல் நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். உள்ளை ஹற்றன் பிள்ளை அவளின்ர தலைமயிரைப் பிடிச்சிருந்தாள். என்னைக் கண்டிட்டு ஒண்டும் சொல்லேல்லை, கொஞ்சம் அரக்கி இடம் விட்டாள்.

மூண்டாந்தரம் எடுக்கேக்கை வாளியைப் பிடிச்சது நான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிடிச்சன். ஆனால் பிடிச்சன். பிறகு ஆறின கொதிதண்ணி ஒரு லீற்றர் அளந்து, உடம்பிலை இழந்த தண்ணிக்கும் உப்புக்கும் குடுக்கிற ஜீவனிப் பைக்கற் கரைச்சன். மடக்கு மடக்காக் குடு எண்டு அக்கா சொன்னா, கரண்டியாலை குடுத்தன். நாலு மணிபோலை அவள் என்ர மடியிலை நித்திரையாப் போனாள். வேர்வை மணமும் புளிச்ச மணமும் கலந்து வந்துகொண்டே இருந்தது.

இப்ப வாளியைக் கிணத்தடியிலை கழுவிக் கவிட்டிட்டு வந்து இதை எழுதுறன். பரமேஸ்வரன் கோயில் மணி கேக்குது.

ஏப்ரல் 3, வியாழன், இரவு

40 ஆவது மணித்தியாலம். எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன். கை ஏழு தரம் கழுவினன், டெற்றோல் எடுக்கேல்லை. இரவு எல்லாரும் ஒரே சட்டியிலை புட்டும் சொதியும். மன்னார் பிள்ளை இண்டைக்கும் கஞ்சிதான், சொதியிலை ஒரு கரண்டி தாங்கோ எண்டு கெஞ்சினாள். நாளைக்குத் தாறன் எண்டு சொன்னன்.