மாவுப்பூச்சியைத் தின்னும் புழு

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் எங்கள் குச்சிக்கிழங்குக் காட்டில் மாவுப்பூச்சி தெரிந்தாலே பெரியப்பா மருந்து டேங்கைத் தோளில் மாட்டிவிடுவார். "கொஞ்சம் பொறுங்க பெரியப்பா" என்று ஒரு கொழுந்தைத் திருப்பிக் காட்டினேன். பஞ்சு அப்பியது போலிருந்த பூச்சிகளுக்கு நடுவே ஒரு திட்டு மட்டும் மெல்ல நகர்ந்தது.

அது ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. இலையைத் தொடாது, மாவுப்பூச்சியையும் அதன் முட்டைகளையும்தான் தின்னும். அந்தப் பூச்சிகளின் வெள்ளை மெழுகுத்தூளே அதன் மேலும் படிந்திருப்பதால் சட்டென்று கண்ணில் படாது. கூட்டுப்புழு இன்னும் வேடிக்கை: கண், மூக்கோடு அச்சு அசல் குரங்கு மூஞ்சி! சிறகு முளைத்து வருவதோ சாம்பல் பூத்த பழுப்பில் ஒரு குட்டிப்பூச்சி, அழகென்று சொல்ல ஒன்றுமில்லை.

2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியையும் இது தின்னும். ஆனால் அந்தத் தொல்லையை அடக்கியது 2010-ல் வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவிதான்; மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும் குட்டிக் குளவி அது. இந்தப் புழு தனியாக ஒரு காட்டைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்காக, மருந்தில் இதையும் சேர்த்துக் கொல்வானேன்?

"சரி, இந்த ரெண்டு வரிசையை விட்டுட்டு அடிக்கிறேன், போ" என்றார் பெரியப்பா.